புதுப்பிக்க இருபத்தாறு நாள்

எங்கப்பா ஒன்று சொல்வார், தம்பி. கடைசித் தேதியன்று வந்து கியூவில் நிற்கிறவனுடைய முகத்தைப் பார்த்தாலே... அதற்கப்புறம் என்னவோ வரும். அவன் வீட்டு நிலவரம் தெரிந்துவிடும் என்பாரா, இல்லை, அவனுக்குச் சில்லறை கொடுக்கவே மனசு வராது என்பாரா, சரியாக ஞாபகம் இல்லை. உடுமலைப்பேட்டை கரண்ட் ஆபீசில் முப்பத்து நாலு வருடம் பில் கட்டுகிற ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவர். வெளியே நிற்கிற ஜனங்களைத் தேதியை வைத்தே தரம் பிரித்து வைத்திருந்தார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் இப்போது போனில் பேசியது காதில் விழுந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு காதைப் பொத்திக்கொள்ள முடியாது, இல்லீங்களா. கார் இன்சூரன்ஸ் முடியப் போகிறது, ஏஜென்ட் கூப்பிடுகிறார், நீங்கள் 'இன்னும் இருபது நாள் கெடக்குதுல்ல, கடைசியில பாத்துக்கலாம்' என்று வைத்துவிட்டீர்கள். தப்பில்லை. இந்த ஊரில் அது பெரிய தப்பில்லை. இங்கே வண்டிக்குத்தான் வயது பார்க்கிறார்கள், ஓட்டுகிறவனுக்குப் பார்ப்பதில்லை.

நான் இருந்த இடத்தில் அப்படிக் கிடையாது. லெஸ்டர் என்று ஒரு ஊர், இங்கிலாந்தில். இருபத்திரண்டு வருடம். அங்கே பதினேழு வயதுப் பிள்ளை கார் ஓட்டினால் காரின் விலையைவிட இன்சூரன்ஸ் அதிகமாக வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் மகள் மிதுலாவுக்குப் பதினேழில் ஒரு பழைய சின்ன கார் வாங்கிக் கொடுத்தேன், சிவப்பு. முதல் வருட பிரீமியம் அந்தக் காரின் விலையைப்போல ஒன்றரை மடங்கு.

அப்போதுதான் நான் இந்தத் தேதி விஷயத்தைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றால் நானாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, அங்கே விவரம் தெரிந்தவர்கள் சொல்வதுதான். ஆனால் நான் சோதித்துப் பார்த்தேன். தினம் ஒரு தடவை ஒரே விவரத்தைப் போட்டு விலை கேட்டு எழுதி வைத்தேன். பாலிசி தொடங்குகிற நாளுக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு விலை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், இருபத்தாறு நாள் முன்னால் அடியில் போய் நிற்கும், இருபதைத் தாண்டினால் ஏற ஆரம்பிக்கும். முந்தின நாள் கேட்டால் வானத்தில் நிற்கும். கம்பெனிக்காரன் கணக்கு அப்படி. முன்கூட்டியே வருகிறவன் நிதானமானவன், வண்டியும் நிதானமாக ஓட்டுவான். கடைசியில் ஓடி வருகிறவன் சிக்னலிலும் அப்படித்தான் ஓடி வருவான். அதனால் அவனுக்கு அதிகம்.

ஆகவே வருடா வருடம் இருபத்தாறு நாள். அதில் நான் தவறியதே இல்லை. சுகந்தி, மிதுலாவின் அம்மா, கிண்டல் செய்வாள். 'பொண்ணுக்கு ஜாதகம் பாக்கச் சொன்னா, இவரு இன்சூரன்ஸுக்கு முகூர்த்தம் பாக்கறாரு' என்று. அப்போதே நாங்கள் ஒரே வீட்டில் இல்லை. ஆனால் கிண்டல் செய்கிற அளவுக்குப் பேசிக்கொண்டிருந்தோம்.

கண்டக்டர் வருகிறார். நீங்கள் பொள்ளாச்சிதானே. எனக்கு உடுமலை. சில்லறை இருக்கிறது, இருக்கிறது.

தேதி ஒன்று. இன்னொன்று, நேம்டு டிரைவர். பாலிசியில் சின்னப் பிள்ளை பெயரோடு கூட, அந்த வண்டியை எப்போதாவது ஓட்டக்கூடிய பெரியவர் ஒருவர் பெயரையும் சேர்த்தால் பிரீமியம் இறங்கும். பெரியவருக்கு நல்ல லைசென்ஸ் இருக்க வேண்டும், விபத்து இருக்கக் கூடாது. என் லைசென்ஸ் வெள்ளைத் துணி மாதிரி. அதனால் முதல் வருடத்திலிருந்து மிதுலாவின் பாலிசியில் என் பெயர் உண்டு. மிதுலா மயில்சாமி, அதற்குக் கீழே மயில்சாமி சுப்பண்ணன். தபாலில் வரும். டைவர்ஸுக்குப் பிறகு எங்கள் இரண்டு பேர் பெயரும் ஒன்றாக அச்சாகி வந்த காகிதம் அது ஒன்றுதான். சும்மா சொல்கிறேன், அதற்காக நான் பெயரைச் சேர்க்கவில்லை. பிரீமியம் குறையும், அதற்காகத்தான்.

முக்கியமான விஷயம் கேள்விகள். விலை கேட்க வேண்டும் என்றால் ஒரு ஃபாரம் பூர்த்தி செய்ய வேண்டும், கம்ப்யூட்டரில். நாற்பது கேள்வி வரும். போன வருட விவரத்தையே எடுத்துக்கொள்ளவா என்று முதலில் கேட்கும். நான் வேண்டாம் என்று அழுத்துவேன். விவரம் மாறியிருக்கும் இல்லீங்களா. மிதுலாவைப் போனில் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்புவேன். ஒரு மணி நேரம் ஆகும். மற்ற நாட்களில் என் மகள் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசமாட்டாள். 'நல்லாருக்கேன்ப்பா, நீ நல்லாருக்கியா, சாப்ட்டியா', அவ்வளவு. நீங்க என்று அவளுக்கு வராது, இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒரே யூ தானே. ஆனால் ஃபாரம் என்றால் உட்கார்ந்து பதில் சொல்வாள். சட்டம் இல்லையா, சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது வருடம், தொழில் என்று கேட்டது. நான் மாணவி என்று போடப் போனேன். 'ஸ்டூடன்ட் வேண்டாம்ப்பா, ஜூன்லயே காலேஜ விட்டுட்டேன்' என்றாள். பிறகு என்ன செய்கிறாய் என்றேன். நாய் பூனைக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகுகிறாளாம். மகள் படிப்பை விட்டதை நான் இன்சூரன்ஸ் ஃபாரத்தில்தான் தெரிந்துகொண்டேன். கோபம் வரவில்லை. கோபப்படுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

வண்டி இரவில் எங்கே நிற்கும் என்று ஒரு கேள்வி. 'வீட்டு முன்னாடி, கீத் வண்டிக்குப் பின்னால' என்றாள். கீத் என்பவர் சுகந்தி மறுபடி கட்டிக்கொண்டவர். வெள்ளைக்காரர், பெரிய உடம்பு, கார்ப்பெட் போடுகிற வேலை. கெட்ட மனுசன் இல்லை. என்னை மைல்ஸ் என்று கூப்பிடுவார். மயில்சாமி வாயில் நுழையவில்லை.

வருடத்துக்கு எத்தனை மைல் ஓட்டுவாய் என்று இன்னொரு கேள்வி. ஒரு வருடம் ஆறாயிரம் என்று இருந்தது மறு வருடம் பதினோராயிரம் ஆகிவிட்டது. எப்படி என்றேன். 'ஸ்காட்லாந்து போனோம்' என்றாள். யாரோட என்று கேட்டேன். 'அந்தக் கேள்வி ஃபாரத்துல இருக்காப்பா?' என்றாள். இல்லை. அதனால் அதற்கு மேல் கேட்கவில்லை.

அவள் ஸ்பூனால் எதையோ சாப்பிட்டுக்கொண்டே பதில் சொல்வது கேட்கும். அவசரப்படமாட்டாள். எனக்கும் அவசரம் இருக்காது.

கிணத்துக்கடவு தாண்டிவிட்டோமா? காற்று மாறுகிறது பாருங்கள்.

நான் இங்கே திரும்பி மூன்று வருடம் ஆகிறது. அப்பா படுத்த படுக்கை என்று ஆறு மாத லீவில் வந்தேன். அவர் பதினாலு மாதம் இருந்தார். அவர் போன பிறகு அங்கே போய் என்ன செய்வது என்று யோசித்தேன், இங்கே இருந்து என்ன செய்வது என்றும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். நம் கம்பெனிகள் சிலதுக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன், அதற்காகத்தான் கோயமுத்தூர் வந்தது. கார் வாங்கவில்லை. தனி ஆள், யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போவது. பஸ்ஸே போதும், பேச்சுத் துணையும் கிடைக்கிறது.

ஆனால் மிதுலாவின் பாலிசியில் என் பெயர் அப்படியே இருந்தது. இருபத்தாறு நாள் கணக்கும் அப்படியே. இங்கே மத்தியானம் மூன்று மணி என்றால் அவளுக்குக் காலை ஒன்பதரை, வசதியான நேரம். அந்த ஃபாரத்தில் ஒரு சின்னக் கேள்வி உண்டு, நேம்டு டிரைவர் இந்த நாட்டில் நிரந்தரமாக வசிக்கிறாரா என்று. ஆமாம் என்று போடுவேன். லைசென்ஸ் அந்த ஊர் லைசென்ஸ், செல்லுபடியாகும், பழைய விலாசமும் அப்படியே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் போய் இறங்கி அவள் வண்டியை ஓட்டலாம். அது அவ்வளவு பெரிய கேள்வி இல்லை. அதற்கு அடுத்த கேள்விதான் கஷ்டம், கடந்த ஐந்து வருடத்தில் விபத்து உண்டா என்று. போன நவம்பரில் கடை வாசல் தூணில் இடித்துவிட்டாளாம். கிளைம் போடவில்லை, கீத் அவர் சினேகிதரிடம் சொல்லி நெளிசலைத் தட்டிச் சரிசெய்து கொடுத்துவிட்டாராம், அதனால் சொல்ல வேண்டியதில்லை என்றாள். நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், கிளைம் போடாவிட்டாலும் எழுத வேண்டும், இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை பொய் இருக்கக் கூடாது என்று.

சரி, இந்த வருடக் கதைக்கு வருகிறேன். இதைத்தான் சொல்ல வந்தது.

மிதுலாவுக்கு இந்த மார்ச் பத்தொன்பதில் இருபத்தைந்து முடிந்தது. அங்கே இருபத்தைந்து என்பது பெரிய வயது, தம்பி. ஓட்டு போடுகிற வயதைவிடப் பெரியது. இருபத்து நாலு வரைக்கும் பொறுப்பில்லாத பிள்ளை, இருபத்தைந்து ஆன அன்றைக்குப் பொறுப்பான ஆள். பிரீமியம் நன்றாக இறங்கும். ஆனால் அவள் பாலிசி முடிவது மார்ச் பதினொன்றில். எட்டு நாள் இடைவெளி. பதினொன்றிலேயே புதுப்பித்தால் இன்னும் ஒரு வருடத்துக்கு இருபத்து நாலு வயதுக்காரி விலைதான்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இது நானாகவே கண்டுபிடித்தது. பழைய பாலிசி பதினொன்றில் முடியட்டும். எட்டு நாள் வண்டியை எடுக்காதே. வண்டி ரோட்டில் ஓடவில்லை என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அபராதமும் இல்லை. பத்தொன்பதாம் தேதி, பிறந்த நாளன்று, புது பாலிசி தொடங்கட்டும். அதற்கு இருபத்தாறு நாள் முன்னால், பிப்ரவரி இருபத்தொன்றில், விலை வாங்கிப் பூட்டி வைத்துவிடலாம். ஒரு மாதம் வரை அந்த விலை நிற்கும். எத்தனை முடிச்சு, எல்லாம் ஒரே இழுப்பில் அவிழ்கிறது பாருங்கள்.

அவளிடம் சொன்னேன். 'எட்டு நாள் நான் எப்படிப்பா வேலைக்குப் போறது? எங்க ஊர்ல பஸ் நாளைக்கு ரெண்டுதான்' என்றாள். அவர்கள் இருப்பது லெஸ்டருக்கு வெளியே ஒரு கிராமம். எட்டே நாள்தானே, நூற்று எண்பது பவுண்டு மிச்சம், உனக்காகத்தான் சொல்கிறேன் என்றேன். 'சரிப்பா' என்றாள். பிள்ளை நான் சொன்னால் தட்டமாட்டாள்.

பிப்ரவரி இருபத்தொன்றில் நாற்பது கேள்வியும் போட்டோம். நல்ல விலை வந்தது. பூட்டி வைத்தேன். பணம் கட்டுவது மட்டும் பாக்கி, அதை அவள் கார்டில் பதினெட்டாம் தேதி கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு.

மார்ச் பதினொன்று. வண்டியை நிறுத்திவிட்டாள். பன்னிரண்டாம் தேதி காலை, எப்படிப் போனாளோ என்று கூப்பிட்டேன். எடுத்தாள். வண்டிச் சத்தம். 'கீத் கூட்டிட்டுப் போறாருப்பா' என்றாள். அவர் வேலைக்குப் போகிற வழி அது இல்லை. இருபது மைல் சுற்று. பக்கத்திலிருந்து 'ஹலோ மைல்ஸ்' என்று சத்தமாகச் சொன்னார். நானும் ஹலோ சொன்னேன். என் திட்டத்துக்கு ஒத்துழைக்கிறார் என்று சந்தோஷமாக இருந்தது.

எட்டு நாளும் கூப்பிட்டேன். தகவல் கேட்க வேண்டும் அல்லவா. மூன்றாம் நாள் இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள், போனை எடுத்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. என்ன என்று கேட்டேன். 'இல்லப்பா, ஒரு ஆடு' என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆட்டில் என்ன சிரிப்பு என்று எனக்கு இன்னும் தெரியாது. ஐந்தாம் நாள், 'அப்புறம் கூப்பிடறேன்ப்பா, ஒரு கதை பாதில நிக்குது' என்றாள். யாருடைய கதை என்று கேட்க நினைத்தேன். அதுவும் ஃபாரத்தில் இல்லாத கேள்வி. அப்புறம் அவள் கூப்பிடவில்லை, மறந்திருப்பாள், வேலை அதிகம்.

உங்கள் ஸ்டாப் வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

பதினெட்டாம் தேதி மத்தியானம். பணம் கட்டுகிற நாள். நான் கூப்பிடுவதற்கு முன்னால் அவளே கூப்பிட்டாள். வருடத்தில் முதல் தடவை அவளாகக் கூப்பிட்டது. பக்கத்தில் சத்தம் எதுவும் இல்லை. வண்டியில் இல்லை, வீட்டில் இருந்தாள்.

'அப்பா, கோபப்படக் கூடாது' என்றாள்.

'எதுக்குக் கண்ணு கோபம்.'

'அந்த இன்சூரன்ஸ் காகிதத்த கீத் படிச்சுப் பாத்தாரு. அதுல நீ இங்க குடியிருக்கறதா எழுதியிருக்கு.'

'லைசென்ஸ் அங்கதானே இருக்குது.'

'லைசென்ஸ் இருக்குப்பா. நீ இல்ல.'

நான் விளக்கினேன். விலாசம், தபால், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பது, எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, 'நாளைக்கு நான் யார் மேலயாவது இடிச்சுட்டா, இத வெச்சே கம்பெனி பணம் தரமாட்டாங்களாம். நான்தான் கட்டணுமாம். ஆயுசு பூராவும் கட்டணுமாம். கீத் பயந்துபோய்ட்டாரு' என்றாள்.

'நீ?'

'எனக்கும் பயமாத்தான் இருக்குப்பா.'

என்ன செய்யலாம் என்றேன். 'உன் பேர எடுத்துட்டு கீத் பேரப் போடலாமா? அவரு ஒரே வீட்ல இருக்காரு. என் வண்டியையும் அப்பப்ப எடுக்கறாரு' என்றாள். முப்பத்தொரு வருடமாகக் கிளைம் போடாத மனுசனாம்.

எனக்கு வந்த வருத்தம் என்னவென்றால், விலை. நேற்றுவரை பூட்டி வைத்த விலை போய்விடும். பெயர் மாறினால் புது ஃபாரம், புது விலை, அதுவும் கடைசி நாளில். எட்டு வருடமாக நான் எதற்குப் பயந்தேனோ அந்த நாளில். இருபத்தாறு நாள் கணக்கு, எட்டு நாள் வண்டியை நிறுத்தியது, எல்லாம் வீண். அதைத்தான் அவளிடம் சொன்னேன். 'விலை ஏறிடும் மிதுலா, கடைசி நாள்ல எவனும் குறைக்கமாட்டான்' என்று.

'போட்டுத்தான் பாரேன்ப்பா' என்றாள். 'நீயே போடு. எனக்கு அதெல்லாம் சரியா வராது.'

உண்மைதான், அந்த ஃபாரம் அவளுக்கு ஒருநாளும் வராது. நான் இல்லாமல் அவளால் போட முடியாது.

போட்டேன். நாற்பது கேள்வி. அவள் பதில் சொன்னாள், இந்த முறை எதுவும் சாப்பிடவில்லை. என் பெயரை எடுத்தேன். கீத் பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் வாங்கிய வருடம், எல்லாம் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. விலை கேட்டேன். சக்கரம் மாதிரி ஒன்று சுற்றும், அது சுற்றி நின்றது.

குறைவு. பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி, என் பெயரோடு, அடிமட்டத்தில் வாங்கிய விலையைவிட எழுபத்து மூன்று பவுண்டு குறைவு. கடைசி நாளில். நம்பவில்லை, மறுபடி போட்டேன். அதே விலை. நான் வாயைத் திறப்பதற்குள், 'கம்மியா வருதுல்ல?' என்றாள். பிள்ளைக்கு என்ன உள்ளுணர்வு பாருங்கள். ஆமாம் என்றேன். 'தேங்க்ஸ்ப்பா' என்றாள், நான்தான் குறைத்துக் கொடுத்த மாதிரி.

யாருடைய பெயரும் இல்லாமல் அவள் பெயர் மட்டும் போட்டால் எவ்வளவு என்று அப்புறம் ஒரு தடவை பார்த்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. அதுவும் என் பெயரோடு வந்ததைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

தம்பி, உங்கள் பை மேலே இருக்கிறது, இறங்கும்போது மறந்துவிடாதீர்கள். பொள்ளாச்சி வந்துவிட்டது. ஒரு நிமிடம்தான்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு கட்டம் நிரப்பாமல் நின்றது, சிவப்பில் காட்டியது. நேம்டு டிரைவர் உங்களுக்கு என்ன உறவு. தொட்டால் ஒரு பட்டியல் விரியும். கணவன் அல்லது மனைவி. பெற்றோர். உடன்பிறந்தவர். பிற உறவினர். நண்பர். உறவில்லாதவர். அம்மாவைக் கட்டிக்கொண்டவர் என்று அதில் ஒன்று இல்லை.

'கீத்துக்கு என்னன்னு போடறது?' என்றேன்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மாதிரி ஏதோ கேட்டது, அப்புறம் நின்றது.

'என்ன போட்டாலும் ஒரே விலைதானாப்பா?' என்றாள்.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒரே விலைதான்.

'அப்ப நீயே போடுப்பா' என்றாள்.

பெற்றோர் என்று போட்டேன்.